அடுக்களைக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட நேரம்

நகரத்து வீடுகளிலிருந்து நாள்தோறும் வெளியேறும் கழிவையும் அவ்வீடுகளைச் சுற்றி வாழும் எலிகளையும் இருவேறு சிக்கல்களாகக் கருதுவது பொதுவழக்கு. முன்னதைத் தீர்ப்பது மாநகராட்சியின் கடமை என்றும், பின்னதைத் தீர்க்கக் கடையில் கிடைக்கும் நஞ்சோ பொறியோ போதும் என்றும் கொள்ளப்படுகிறது. சென்னைத் திருவல்லிக்கேணியின் ஒரு தெருவை 1970-களின் தொடக்கத்திலிருந்து பார்த்துவந்த இக்கட்டுரையாளரின் நினைவு இந்தப் பிரிவினைக்கு இடங்கொடுப்பதில்லை. அத்தெருவில் எலி பெருகிய காலங்களும் குறைந்த காலங்களும் நஞ்சின் வீரியத்தைப் பொறுத்து அமையவில்லை. உணவுக்கழிவு அடுக்களையை விட்டு நீங்கிய நேரத்துக்கும் அதை ஒருவர் வந்து ஏற்றுக்கொண்ட நேரத்துக்கும் இடையில் அது எவ்வளவு பொழுது கேட்பாரற்றுக் கிடந்தது என்பதைப் பொறுத்தே அமைந்தன.

அன்றைய திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தன வீடுகள் மிகுதி. நடுவில் முற்றமும் ஒரு கிணறும் ஒரு குழாயும் கொண்ட நீண்ட வீட்டில், ஐந்தாறு குடும்பங்கள் ஆளுக்கோர் அறையும் சிறு அடுக்களையுமாக வாடகைக்கு வாழ்ந்த அமைப்பையே அப்பெயர் குறித்தது. இடநெருக்கடி மிகுந்த அவ்வீட்டில் எதையும் சேர்த்துவைக்க இடமில்லை என்பதால், ஒவ்வொரு கழிவுக்கும் அதை வாங்கிச் செல்ல ஓர் ஆள் இருந்தார், அந்த ஆள் வரும் நேரமும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியின் மிச்சமும் காய்கறித் தோலும் முற்றத்து மூலையில் இருந்த கழுநீர்ப் பானைக்குள் சென்றன. காலையும் மாலையும் பால் கறந்து கொடுக்க வந்தவர் அப்பானையைத் தம் மாட்டுக்கென்று காலிசெய்துவிட்டுப் போனார். விறகடுப்பின் சாம்பல் பாத்திரம் துலக்கப் பயன்பட்டது. தேங்காய் நாரே துலக்கும் நாராயிற்று. கொட்டாங்கச்சியும் மட்டையும் வெந்நீர் அடுப்பில் எரிந்தன. சாப்பிட்ட வாழையிலை, வாசலில் விழுந்த சில நிமிடங்களில் தெருவில் திரிந்த மாட்டின் வாய்க்குப் போய்விட்டது. நாளிதழ்களைப் பழைய பேப்பர்க்காரர் தராசில் நிறுத்து வாங்கினார். ஓட்டைக் குடத்தையும் துருப்பிடித்த வாளியையும் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தவரின் குரல் கேட்டதும், அவ்வீட்டுச் சிறுவர்கள் ஆணியும் தகரமும் தேடிப் பரணெல்லாம் ஏறி இறங்கினார்கள். கிழிந்த பட்டுப்புடவையின் சரிகைக்கும் பழைய துணிக்கும்கூடப் பாத்திரம் தர ஆள் வந்தது.

இக்கட்டுரையாளரின் பாட்டி அந்தக் கழுநீர்ப் பானையில் உப்பும் காரமும் கலந்த மிச்சத்தைக் கொட்ட ஒருவரையும் விடமாட்டார். மாடு குடிக்காது என்பதே அவர் சொன்ன காரணம். ஈரக்கழிவை உலர்ந்த கழிவிலிருந்து பிரித்துவைக்க வேண்டும் என்று இன்றைய விதிகள் வற்புறுத்துவதை அவர் எந்த விதியும் அறியாமல் செய்துவந்தார், ஏனெனில் பிரிக்கப்படாத கழிவை வாங்க அன்று ஆளில்லை. அவ்வமைப்பின் பின்னால் இருந்த வறுமையையும், தெருக்கூட்டும் வேலை பிறப்பால் ஒருசிலர்மீது சுமத்தப்பட்டிருந்த கொடுமையையும் மறந்துவிட்டு அதைப் பொற்காலமாக்குவது தவறாகும். எனினும் கழிவு தேங்காமல் கைமாறிய அந்த ஒழுங்கு தனியே எண்ணிப் பார்க்கத் தக்கது.

எலிகள் அன்றும் இருந்தன. அவற்றில் மூன்று வகைகளை அவ்வீட்டினர் பிரித்தறிந்திருந்தனர். நீண்ட வாலுடன் ஓட்டுச் சட்டங்களிலும் உத்தரத்திலும் ஏறி ஓடிய வீட்டெலி முதல்வகை. தானியத் தகரங்களின் பின்னால் வாழ்ந்த சிறிய சுண்டெலி இரண்டாவது. சாக்கடை ஓரத்தில் வளை தோண்டி, சுவரின் அடித்தளத்தையே அரித்த பெருச்சாளி மூன்றாவது. இவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட மூஞ்சூறு உண்மையில் எலியினம் அன்று. கரப்பான், புழு பூச்சிகளைத் தின்று வாழும் அது முள்ளெலிக்கும் அகழெலிக்கும் நெருங்கிய உறவுடையது. பிள்ளையாரின் வாகனம் என்று அதைக் கொல்லாமல் விட்ட பெரியவர்கள், தாம் அறியாமலேயே ஒரு பூச்சிக்கொல்லியைக் காத்துவந்தனர். மற்ற மூன்றுக்கும் மசால்வடைத் துண்டு செருகிய மரப்பொறி இருந்தது. ஒரு வாரத்தில் ஓரிரண்டு விழுந்தால் அதுவே அவ்வீட்டில் பேசுபொருளாகும் அளவுக்குத்தான் அவற்றின் எண்ணிக்கை இருந்தது.

1980-களில் இந்த ஒழுங்கு கண்ணெதிரே கலைந்தது. பால் பாலிதீன் உறையில் வரத் தொடங்கியதும் மாடு வாசலுக்கு வருவது நின்றது. மாடு நின்றதும் கழுநீர்ப் பானைக்கு வேலையற்றுப் போயிற்று. எரிவாயு அடுப்பு வந்ததால் கொட்டாங்கச்சி எரிபொருள் என்ற நிலையை இழந்தது. கடைகளில் தாளும் மந்தாரை இலையும் சணலும் இருந்த இடத்தை மெல்லிய பிளாஸ்டிக் பை பிடித்தது; அதே பையில் சோற்றையும் குழம்பையும் காகிதத்தையும் உடைந்த பல்பையும் ஒன்றாகப் போட்டு, வாயைக் கட்டி, தெருமுனைத் தொட்டிக்குள் எறிவதே வீட்டைத் தூய்மையாக வைப்பதற்கான வழியாயிற்று. தெருமுனைத் தொட்டி என்பது இடுப்பளவு உயரமுள்ள, மூடியற்ற, வட்டமான சிமென்ட் வளையம். அது நிரம்பி வழிந்தபின் குப்பை அதைச் சுற்றிக் குவிந்தது. ஜாம்பஜார் சந்தையை ஒட்டிய பக்கத்தில் அழுகிய தக்காளியும் முட்டைக்கோசு இலையும் மீன் கழிவும் சேர்ந்ததால், மழைநாளில் அந்த மூலையைக் கடக்கப் பள்ளிச் சிறுவர்கள் மூச்சை அடக்கி ஓடினார்கள். அள்ளும் வண்டி வராத நாள்களில் குவியல் தெருவின் பாதியை அடைத்தது.

அந்தக் குவியல் எலிகளுக்கு எதைத் தந்தது என்பதை விளக்க ஒரு சிறு கணக்கு போதும். வளர்ந்த எலியொன்றுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 30 கிராம் வரையிலான உணவு போதுமானது. ஒரு வீட்டில் மிஞ்சிய 200 கிராம் சோறு, ஏழெட்டு எலிகளின் ஒரு நாள் உணவாகிறது. பெண் எலியின் சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்றே கூடுதல். ஓர் ஈற்றில் ஆறு முதல் பத்துக் குட்டிகள் வரை பிறக்கலாம். அக்குட்டிகள் இரண்டு மூன்று மாதங்களில் தாமே ஈனும் பருவத்தை எட்டிவிடுகின்றன. உணவு தட்டுப்பட்டால் இந்தப் பெருக்கம் தானே அடங்கும்; தடையின்றிக் கிடைத்தால் ஓர் ஆண்டுக்குள் ஒரு தெரு நிரம்பும். எலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை என்பதால் அது எதையேனும் கடித்தே ஆகவேண்டும். பிளாஸ்டிக் பையின் முடிச்சு அதற்கு ஒரு நொடி வேலை. மேலும், பைகளின் குவியல் உணவோடு மறைவிடத்தையும் சேர்த்தே தந்தது. தூர்ந்த மழைநீர் வடிகால்கள் அவற்றின் நடைபாதையாயின. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாலை மங்கியபின் அத்தெருமுனையில் நின்றவர்கள் பூனை அளவுப் பெருச்சாளிகள் மனிதரைக் கண்டும் விலகாமல் மேய்ந்ததைப் பார்த்திருக்கிறார்கள். பூனைகள்தான் அவற்றைக் கண்டு விலகின.

தெருவாசிகள் நஞ்சை நாடினார்கள். ஆனால் எலி மிகுந்த எச்சரிக்கையுள்ள விலங்கு. தான் நடமாடும் வழியில் புதிதாகத் தோன்றிய எதையும் சில நாள்கள் தொடாமல் ஒதுங்கியிருக்கும், பின்னர் கொஞ்சமாகச் சுவைத்துப் பார்க்கும். அதற்கு வாந்தியெடுக்கும் ஆற்றல் இல்லை என்பதால் இந்த எச்சரிக்கையே அதன் தற்காப்பு. துத்தநாகப் பாஸ்பைடு போன்று உடனே வேலைசெய்யும் நஞ்சைச் சிறிதளவு தின்று பிழைத்த எலி அந்த உணவை மீண்டும் நெருங்குவதில்லை. 1948 அளவில் புழக்கத்துக்கு வந்த வார்ஃபரின் முதலிய மருந்துகள், இரத்தம் உறையாமல் தடுத்துச் சில நாள் கழித்தே கொல்பவை என்பதால் எலியால் நோவையும் உணவையும் தொடர்புபடுத்த இயலாது. அவை கூடுதலாக வேலைசெய்தன. ஆனால் நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனைகளும், இரவில் அத்தெருவின் மேல் சீறிக்கொண்டு பறந்த கூகைகளும் அதன் பாதிப்பிலிருந்து தப்புவதற்கில்லை. நஞ்சு வைத்த மாதத்தில் பரணுக்குள்ளும் சுவரிடுக்கிலும் செத்து நாறிய எலிகளைத் தேடி எடுப்பதே அவ்வீட்டுப் பெண்களின் வேலையாயிற்று. அடுத்த சில மாதங்களில் எண்ணிக்கை பழையபடி ஏறிற்று.

இதற்கான காரணம் வெகுகாலம் முன்பே கண்டறியப்பட்டிருந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1940-களில் டேவிட் டேவிஸ் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தெருத்தெருவாக எலிகளைக் கணக்கிட்டு, ஒரு பகுதியில் எத்தனை எலிகள் வாழும் என்பதை அங்குள்ள உணவும் மறைவிடமுமே முடிவுசெய்கின்றன என்று காட்டினர். கொன்று குறைத்தால், எஞ்சியவற்றுக்கு உணவு தாராளமாகி, அவை கூடுதலாக ஈன்று பழைய அளவை எட்டிவிடுகின்றன; குப்பையை மூடி அகற்றினால் மட்டுமே அந்த அளவே கீழிறங்குகிறது. திருவல்லிக்கேணித் தெருவின் அனுபவம் இந்த முடிவை அப்படியே மெய்ப்பித்தது.

மெய்ப்பித்த காலம் எக்ஸ்னோரா இயக்கத்தோடு தொடர்புடையது. சென்னையில் 1989-இல் எம். பி. நிர்மல் தொடங்கிய அவ்வமைப்பு, ஒரு தெருவின் குடும்பங்கள் தாமே ஒன்றுகூடி, மாதந்தோறும் சிறு தொகை திரட்டி, மூன்று சக்கர மிதிவண்டியோடு ஒரு தொழிலாளியை அமர்த்திக்கொள்ளும் முறையைப் பரப்பியது; அவரைத் தெரு அழகுபடுத்துபவர் என்று அழைத்தனர். இந்தத் தெருவும் சில ஆண்டுகளில் அம்முறைக்கு வந்தது. காலையில் விசில் ஒலி கேட்டதும் கதவுகள் திறந்தன. பெண்கள் வாளியோடு வாசலுக்கு வந்தனர். இரவில் யாரும் எதையும் வெளியே வைக்கவில்லை, ஏனெனில் மறுநாள் அவர் வருவது உறுதி. முனைத்தொட்டியை மாநகராட்சி அகற்றியது. தொழிலாளி காகிதத்தையும் போத்தலையும் தகரத்தையும் தனியே கட்டித் தம் வண்டியின் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு, அவற்றை விற்றுத் தம் ஊதியத்தோடு சேர்த்துக்கொண்டார். அந்த வருமானமே, காகிதத்தை நனைக்காமல் கொடுக்கும்படி அவர் வீடுவீடாகக் கெஞ்சியதற்குக் காரணம். ஒரு மழைக்காலம் கடப்பதற்குள் பெருச்சாளி வளைகளில் பல பாழடைந்தன. அந்த ஆண்டில் நஞ்சு வைத்தவர் அத்தெருவில் எவரும் இல்லை.

நகர் முழுவதற்கும் எலி தரும் அச்சம் என்ன என்பதை அதே காலம் இன்னொரு முறையில் உணர்த்தியது. 1994 செப்டம்பரில் குஜராத்தின் சூரத் நகரில் பிளேக் நோய் அறிவிக்கப்பட்டதும், சில லட்சம் பேர் நாள்களுக்குள் அந்நகரைவிட்டு வெளியேறினர். பிளேக் என்பது எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி வழியாக மனிதரை அடையும் பாக்டீரியா நோய்; அது பரவும் இவ்வழியை 1898-இல் கராச்சியில் பணியாற்றியபோது பால் லூயி சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்தார். சூரத்தில் 1995-இல் மாநகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ராவ், அதிகாரிகளை நாள்தோறும் தெருவில் நிற்கவைத்துக் குப்பை அள்ளுவதைச் சீர்ப்படுத்தினார். 1996-இல் இன்டாக் அமைப்பு அந்நகரை இந்தியாவின் தூய்மையான நகரங்களில் இரண்டாம் இடத்தில் வைத்தது. தமிழ்நாட்டில் இன்று பிளேக்கைவிட அஞ்சத் தக்கது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிர் எலியின் சிறுநீரில் வெளியேறி, தேங்கிய நீரில் வாழ்ந்து, காலிலுள்ள சிறு புண் வழியே உடலுக்குள் புகுந்து, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. 2018 வெள்ளத்துக்குப்பின் கேரளத்தில் இந்நோய் பரவியபோது, முன்தடுப்பாக டாக்ஸிசைக்ளின் மாத்திரை பெருமளவில் வழங்கப்பட்டது. நோய்க்கு முதலில் இரையாகக்கூடியவர்கள், கையுறையின்றிக் குப்பையை அள்ளும் தொழிலாளியும், வெறுங்காலில் சாக்கடையில் இறங்குபவரும்தான்.

சட்டமும் இதற்குள் வளர்ந்தது. அல்மித்ரா பட்டேல் உச்சநீதிமன்றத்தில் 1996-இல் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக, 2000-இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2016-இல் வந்த விதிகள், மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டிலிருந்து வரும் தீங்கான கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தருவதை ஒவ்வொரு வீட்டின் கடமையாக்கின. எனினும் நடைமுறை வேறு திசையில் சென்றது. குப்பை அள்ளும் பணி பல பகுதிகளில் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, எடுத்துச்சென்ற டன்னுக்கு இவ்வளவு என்று கூலி தரப்பட்டபோது, பிரித்துக் குறைப்பதில் எவருக்கும் ஆதாயம் இல்லாமற் போயிற்று. தெருமுனைக்குச் சக்கரம் வைத்த பெரிய தொட்டிகள் திரும்பின. அவற்றின் மூடி பெரும்பாலும் திறந்தே கிடந்தது. திரும்பியவற்றுள் எலிகளும் அடங்கும்.

ஈரமும் உலர்ந்ததும் கலப்பதால் நேரும் இழப்பு இரு பக்கத்தது. குழம்பு தோய்ந்த காகிதத்தைப் பேப்பர்க்கடை எடைக்கு எடுப்பதில்லை; பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்த உணவுக்கழிவு உரமாவதில்லை. ஒன்றுக்கொன்று விலையைக் கெடுத்துக்கொண்ட இரண்டும் குப்பைமேட்டுக்கே போகின்றன. மறுசுழற்சி என்பது நல்லெண்ணத்தால் மட்டும் நடப்பதன்று. எடைக்கு விலை கிடைக்கும் பொருளே பொறுக்கப்படுகிறது. பெட் போத்தல் நூலிழையாகிறது, அட்டைப்பெட்டி மீண்டும் அட்டையாகிறது, கழுவி உலர்த்திய பால் உறைக்கும் விலையுண்டு. சாஷே எனப்படும் சிறு உறையின் கதை வேறு. கடலூர் சின்னிகிருஷ்ணன் முன்னோடியாக நின்று பரப்பிய சாஷே, ஏழைக்கும் ஷாம்பு எட்டும்படி செய்தது பெரும் சாதனையே. ஆயினும் அதன் பல அடுக்குகளைப் பிரிக்கவும் இயலாது, ஒரு கிலோ சேர்க்க அரைநாள் குனிய வேண்டியிருப்பதால் குப்பை பொறுக்கும் எவரும் அதைத் தொடுவதுமில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடை, பைகளையும் கோப்பைகளையும் உறிஞ்சுகுழல்களையும் தொட்டது. இத்தகைய பொட்டல உறைகள் பெரும்பாலும் தப்பின.

கலந்த கழிவு சென்று சேர்ந்த இடங்களைச் சென்னைவாசிகள் பலர் பார்த்ததில்லை. வடக்கே கொடுங்கையூரில் 300 ஏக்கருக்கு மேலும், தெற்கே பெருங்குடியில் 200 ஏக்கருக்கு மேலும் அது பல பத்தாண்டுகளாகக் குவிந்தது. பெருங்குடி மேடு எழுந்தது வெற்றிடத்தில் அன்று. மழைநீரைத் தேக்கி வலசைப் பறவைகளை வாழவைக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின்மீது. அச்சதுப்புநிலம் 2022-இல், பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலத்தைக் குறிக்கும் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. இப்போது பயோமைனிங் முறையில், அதாவது பழைய குவியலை அகழ்ந்து, சலித்து, மண்ணையும் கல்லையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியே பிரித்தெடுக்கும் முறையில், பெரும் பொருட்செலவில் அம்மேடுகள் கரைக்கப்படுகின்றன. வீட்டு அடுக்களையில் இரண்டு வாளிகள் வைத்திருந்தால் நேரவே வேண்டாத செலவு இது. கொடுங்கையூரின் புகையைச் சுவாசித்து வளர்ந்த குழந்தைகளுக்கு அந்த ஆண்டுகளை எந்த இயந்திரமும் மீட்டுத் தரப்போவதில்லை.

அந்தத் தெருவுக்கு இன்று பேட்டரி வண்டி வருகிறது. பச்சை, நீல நிறத் தொட்டிகள் அதில் உள்ளன. வருவது காலையில். பல வீடுகளில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்வதால், இரவு உணவுக்குப்பின் பையைக் கட்டி வாசற்கதவின் கம்பியிலோ மின்கம்பத்தின் அடியிலோ வைத்துவிட்டு உறங்குகிறார்கள். எலிகள் உலவும் பொழுது சரியாக அதுவே. இதே தவறைப் பல ஆண்டுகள் செய்துவந்த நியூயார்க் நகரம், மாலை 4 மணிக்கே நடைபாதையில் வைக்கப்பட்டுவந்த குப்பைப் பைகளை, 2023 ஏப்ரல் முதல் இரவு 8 மணிக்கு முன் வைக்கக் கூடாது என்றும், மூடியுள்ள தொட்டியில் என்றால் 6 மணிக்கே வைக்கலாம் என்றும் விதித்தது. சில மணி நேரத்தைக் குறைப்பதற்காக ஒரு மாநகரம் சட்டம் செய்தது என்றால், அந்த மணிகளின் மதிப்பு விளங்கும்.

ஜாம்பஜார் போன்ற சந்தைகளையும் உணவகங்கள் மிகுந்த தெருக்களையும் ஒட்டிய பகுதிகளில் கடை அடைக்கும் நேரத்தில் இரண்டாம் முறை வண்டி அனுப்புவது மாநகராட்சியின் கையில் உள்ளது. அதை வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கேட்பது மக்களின் கையில் உள்ளது. அதுவரை வாசகர் செய்யக்கூடியது எளியது: ஈரக்கழிவை இறுக்கமான மூடியுள்ள வாளியில் அடுக்களைக்குள்ளேயே இரவு வைத்திருந்து, காலையில் வண்டி வந்ததும் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள், வீட்டில் உரமாக்குபவர்கள் சமைத்த உணவை அதில் சேர்க்காமல், தொட்டியின் அடியில் கால் அங்குலக் கம்பிவலை பொருத்துங்கள், உடைந்த கண்ணாடியும் பிளேடும் இருந்தால் தாளில் சுற்றி, தனியே, அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.